தீவக ஊர்த் தளங்களும் வழங்கி வழுக்களும்: ஒரு விளக்கம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே கடலிற் பரந்துகிடக்கும் தீவுகளைத் தீவகம் எனத் தொகுத்துக் கூறுவது வழக்கம். ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய பெருந்தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, மண்டைதீவு, நெடுந்தீவு முதலியன இத்தொகுதியுள் அடங்குவன. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் நடவடிக்கைகளை அடுத்து ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களின் மக்களுட் பெரும்பாலார் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினர் காலப்போக்கிற் கனடா, பிரான்சு, சுவிற்சர்லாந்து, நோர்வே, பிரித்தானியா ஆகிய நாடுகளிற் குடியேறினர். ஊரார் ஓரிடத்தில் இல்லாத நிலையில், ஊரின் செய்திகளை ஓரிடத்திற் சேர்த்துவைக்கும் தேவை எழுந்தது. முன்னர் சனசமூக நிலையங்களும் முன்னேற்றச் சங்கங்களும் வெளியிட்ட மலர்கள் ஆற்றிய பணியை, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஊர் இணையத்தளங்கள் ஏற்றுக்கொண்டமைக்கு இதுவே பிரதான காரணமெனலாம்.

இத்தளங்களில் இடம்பெறுவன யாவை? மரண அறிவித்தல்கள், நினைவஞ்சலிகள், கோயிற் கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரையிலான ஒளிப்படங்கள், பாடசாலை வரலாறுகள், சங்கக் கணக்கறிக்கைகள், வள்ள நேர அட்டவணைகள், முதியோரின் நினைவுக் குறிப்புகள் என்பன. 1985 மே 15ஆம் நாள் குமுதினிப் படகிற் பயணஞ்செய்த நெடுந்தீவு மக்கள் கொல்லப்பட்டமை போன்ற நிகழ்வுகளின் ஆண்டு நினைவுகளும் இவற்றில் இடம்பெறுவதுண்டு. வரலாற்றாசிரியருக்கும் சமூகவியலாளருக்கும் இவை மூலச் சான்றுகள். அச்சிடப்படாதவை ஆதலின், தளம் அழியுமிடத்து இவற்றுட் பலவற்றுக்கு மாற்றுப் பிரதி கிடையாது.

ஒருகாலத்தில் இயங்கிய ஊர்த் தளமொன்றைத் தேடிச் செல்லும் வாசகருக்குப் பல சமயங்களிற் கிடைப்பது ஓர் எண்ணும் ஓர் ஆங்கிலத் தொடருமே. 500 என்றோ 503 என்றோ காட்டும் அப்பக்கத்தைக் கண்டதும் தளம் அழிந்துவிட்டது எனக் கருதிப் பலர் திரும்பிவிடுகின்றனர். தளத்தை நடத்துவோரும், கணினியியலிற் பயிற்சி பெறாத தொண்டர்களாக இருக்குமிடத்து, அவ்வாறே கருதிக் கைவிட்டுவிடுதலுண்டு. ஆயின் இவ்வழுக்களுட் பெரும்பாலானவை அழிவைக் குறிப்பன அல்ல. காரணம் கண்டு நீக்கத்தக்கவை. அவை எவ்வாறு எழுகின்றன, பயிற்சி குறைந்த ஒருவரும் எம்முறையில் அவற்றின் காரணத்தைக் கண்டறியலாம், இவற்றின் பின்னே நிற்கும் சமூகக் காரணிகள் எவை என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பக்கமொன்று வந்துசேரும் வழி

வழு எங்கே நேர்ந்தது என அறிவதற்கு முன்னர், வழு இல்லாதவிடத்து நடப்பது யாதென அறிதல் வேண்டும். நயினாதீவிலுள்ள ஒரு வீட்டிலிருந்து ஒரு நூலைப் பெற்றுவர ஒருவரை அனுப்புகிறோம் எனக் கொள்வோம். அவர் முதலிற் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வழியை அறியவேண்டும். பின்னர் வள்ளமேறிக் கடலைக் கடக்கவேண்டும். வீட்டு வாயிலில் நிற்பவர் அவரை ஏற்று, உள்ளே இருப்பவரிடம் செய்தியைச் சொல்லவேண்டும். உள்ளே இருப்பவர் அலுமாரியைத் திறந்து நூலை எடுத்துக் கொடுக்கவேண்டும். இந்நான்கில் எது தவறினும் நூல் வராது. எது தவறியது என்பதைப் பொறுத்தே பரிகாரமும் அமையும்.

இணையத்திலும் இதுவே நிகழ்கின்றது. வாசகரின் உலாவி, தளத்தின் பெயருக்குரிய எண்முகவரியைப் பெயர் வழங்கிகளிடம் கேட்டறிகின்றது. அம்முகவரியிலுள்ள வழங்கியை, அதாவது சேர்வரை, வலையமைப்பினூடே அடைகின்றது. அங்கு வாயில் காப்பவராக அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு மென்பொருள் நிற்கின்றது. அது வேண்டுகையைப் பிஎச்பி போன்ற மொழியில் எழுதப்பட்ட நிரலிடம் ஒப்படைக்கின்றது. நிரல், மைஎஸ்கியூஎல் போன்ற தரவுத்தளத்திலிருந்து கட்டுரையை எடுத்துப் பக்கமாக ஒழுங்குசெய்து திருப்பி அனுப்புகின்றது. 2003இல் வெளிவந்த வேட்பிரஸ் என்னும் மென்பொருளிற் கட்டப்பட்ட தளங்கள் யாவும் இவ்வமைப்பையே கொண்டுள்ளன. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பயன்படுத்தும் மீடியாவிக்கியும் இத்தகையதே.

இத்தளங்களின் வழங்கிகள் தீவுகளில் இருப்பனவல்ல. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பி வாழ்ந்த தீவுகள். அங்கு சூரிய ஒளி, காற்று ஆகியவற்றை இணைத்து மின்னுற்பத்தி செய்யும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடனான ஒப்பந்தம் 2024 மார்ச்சிலேயே கைச்சாத்தாகியது. இந்நிலையில், ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ உள்ள தரவு நிலையமொன்றில் வாடகைக்குப் பெற்ற இடத்திலேயே ஊர்த் தளம் வாழ்கின்றது. நடத்துநர் ரொறன்ரோவிலும், வழங்கி பிராங்க்போர்ட்டிலும், வாசகர் நெடுந்தீவிலும் இருத்தல் கூடும். எனவே, வாசகரின் இணைப்பு பழுதா, வழங்கி பழுதா என்பதை முதலிற் பிரித்தறிதல் அவசியம். வேறொரு நாட்டில் இருப்பவரைக் கொண்டு அதே பக்கத்தைத் திறக்கச் செய்தால் இவ்வினா ஒரு நிமிடத்தில் தீரும்.

2. எண்கள் உணர்த்துவன

வழங்கி தரும் ஒவ்வொரு மறுமொழியும் மூன்று இலக்க எண்ணொன்றைத் தாங்கிவரும். 4இல் தொடங்கும் எண், கேட்டவரின் வேண்டுகையிற் குறை இருப்பதாக வழங்கி கருதுவதைக் குறிக்கும். 5இல் தொடங்கும் எண், வேண்டுகை முறையானதாயினும் வழங்கியால் அதனை நிறைவேற்ற இயலவில்லை என்பதைக் குறிக்கும். பரவலாக அறியப்பட்ட 404 முன்னைய வகையைச் சார்ந்தது. தீவு உண்டு, வீடு உண்டு, கேட்ட நூல் மாத்திரம் அவ்வீட்டில் இல்லை என்பது அதன் பொருள்.

5இல் தொடங்குவனவற்றுள் நான்கு முக்கியமானவை. 500 என்பது உள்ளே ஏதோ பழுதாயிற்று என்னும் பொதுக் கூற்று. காரணத்தை அது வாசகருக்குச் சொல்வதில்லை. 502 என்பது வாயிலில் நிற்பவர் உள்ளே கேட்டபோது பொருந்தாத விடை கிடைத்தது என்பதாகும். பெரும்பாலும் உள்ளே இயங்கவேண்டிய நிரற்சேவை நின்றுபோயிருக்கும். 503 என்பது தற்போது சேவை இல்லை, பின்னர் வருக என்பதாகும். வேண்டுகைகள் மிகுந்தாலோ, திருத்தவேலை நடந்தாலோ இது தோன்றும். 504 என்பது உள்ளிருந்து விடை வருமெனக் காத்திருந்து காலங்கடந்துவிட்டது என்பதாகும். கடல் கொந்தளித்து வள்ளச்சேவை நிறுத்தப்படுவதற்கும், வள்ளம் புறப்பட்டும் குறித்த நேரத்தில் வராமைக்கும் உள்ள வேறுபாடு 503க்கும் 504க்கும் உண்டு.

எண்ணெதுவும் தோன்றாது, தளத்தைக் காணவில்லை என உலாவியே கூறுமாயின், வேண்டுகை வழங்கியை அடையவே இல்லை என்பது பெறப்படும். அவ்விடத்துப் பெயரின் பதிவு காலாவதியாயிற்றா என்பதை நோக்கவேண்டும். இணைப்பு பாதுகாப்பற்றது என்னும் எச்சரிக்கை தோன்றுமாயின், பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகியிருத்தல் கூடும். இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழ்களின் ஆயுள் பெரும்பாலும் 90 நாளே. அதனைத் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு நின்றுபோனால், தளத்தில் எக்குறையும் இல்லாதபோதும் வாசகர் வாயிலிலேயே தடுக்கப்படுவர்.

3. பதிவேட்டை வாசித்தல்

500 என்னும் எண் காரணத்தை மறைப்பது தற்செயலானதன்று. உள்ளமைப்பின் விபரங்களை வெளியாருக்குக் காட்டுதல் பாதுகாப்புக்குத் தீங்கானது ஆதலின், வழங்கி அவற்றை வேறோரிடத்தில் எழுதிவைக்கின்றது. அதுவே வழுப் பதிவேடு. வாடகை நிறுவனம் தரும் கட்டுப்பாட்டுப் பலகத்தில் இதனைக் காணலாம். பரிகாரம் தேடுவோர் முதலிற் செய்யவேண்டியது இதனை வாசித்தலே. அவ்வாறு செய்யாது, இணையத்திற் கண்ட பரிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக முயன்றுபார்த்தல், நோயாளியை நோக்காமலே மருந்து கொடுப்பதை ஒக்கும்.

பதிவேட்டின் ஒவ்வொரு வரியும் பெரும்பாலும் நேரம், வழுவின் தன்மை, வழு நேர்ந்த கோப்பு, அக்கோப்பின் வரியெண் ஆகியவற்றைத் தாங்கியிருக்கும். ஆங்கிலத்தில் இருப்பினும், இந்நான்கையும் பிரித்தறிய மொழிப்புலமை மிகுதியும் வேண்டுவதில்லை. கோப்பின் பெயர், தளத்தின் எப்பகுதியிலிருந்து பழுது எழுகிறது என்பதைக் காட்டிவிடும். நேரத்தை வாசிக்கும்போது ஒன்றை மனங்கொள்ளவேண்டும். பல வழங்கிகள் அனைத்துலகப் பொது நேரத்திலேயே பதிவுசெய்கின்றன. இலங்கை நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. மாலை 6 மணிக்கு நெடுந்தீவு வாசகர் கண்ட வழு, பதிவேட்டில் நண்பகல் 12.30 மணிக்கு நேர்ந்ததாகக் காணப்படும். இதனை அறியாதார் பிழையான வரியை வாசித்து மயங்குவர்.

பதிவேட்டோடு சேர்த்துக் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: நேற்று இயங்கிய தளத்தில் இன்றைக்குள் மாறியது யாது? புதிய செருகுநிரல் சேர்க்கப்பட்டதா, மென்பொருள் இற்றைப்படுத்தப்பட்டதா, வாடகை நிறுவனம் ஏதேனும் மாற்றம் பற்றி மின்னஞ்சல் அனுப்பியதா என்பன ஆராயத்தக்கவை. பரிகாரம் செய்யும்போது ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்து, விளைவை நோக்கி, குறித்துவைத்தல் வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தால், தளம் மீண்டாலும் எது காரணமென்பது தெரியவராது. அதே வழு மீளத் தோன்றுமிடத்து அறிந்தது எதுவும் கைகொடாது.

4. அடிக்கடி நேரும் காரணங்கள்

முதலாவது, அமைவுக் கோப்பிலுள்ள பிழை. அப்பாச்சி வழங்கியில், புள்ளியிற் பெயர் தொடங்கும் எச்ரிஅக்செஸ் என்னும் சிறு கோப்பு தளத்தின் வழிகளை நெறிப்படுத்துகின்றது. அதில் ஒரு சொல் பிழைபட்டாலும் முழுத் தளமும் 500 காட்டும். அக்கோப்பின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிப் பார்த்தல் எளிய சோதனை. அவ்வாறு மாற்றியதும் முகப்புப் பக்கம் திறக்குமாயின் காரணம் புலப்பட்டுவிட்டது. வேட்பிரஸ் தளமாயின், நிலையிணைப்பு அமைப்பை மீளச் சேமித்தால் அக்கோப்பு புதிதாக எழுதப்படும்.

இரண்டாவது, கோப்பு அனுமதிகள். ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினருக்கு உரிய அனுமதிகள் மூன்று இலக்கங்களாற் குறிக்கப்படும். வாசித்தல் 4, எழுதுதல் 2, இயக்குதல் 1 எனக் கூட்டிப் பெறப்படுவன இவ்விலக்கங்கள். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பது பொது வழக்கு. எதுவும் இயங்காதபோது யாவற்றையும் 777 ஆக்கிவிடுமாறு கூறுவோர் உளர். எவரும் எழுதலாம் என்னும் அவ்வனுமதி தளத்தை அந்நியருக்குத் திறந்துவிடுவதோடு, பாதுகாப்பு மிக்க சில வழங்கிகளில் 500 வழுவைத் தானே தோற்றுவிக்கவும் செய்யும்.

மூன்றாவது, நிரல்மொழியின் பதிப்பு மாற்றம். பழைய ஊர்த் தளங்கள் பல வீழ்ந்தமைக்கு இது வலுவான காரணம். பிஎச்பி மொழியின் 7.0 பதிப்பு 2015 டிசெம்பரில் வெளிவந்தபோது, தரவுத்தளத்தோடு பேசுவதற்குப் பழைய நிரல்கள் பயன்படுத்திய கட்டளைத் தொகுதியொன்று முற்றாக நீக்கப்பட்டது. பழைய 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்களும் 2018 டிசெம்பர் 31ஆம் நாளுடன் நின்றன. வாடகை நிறுவனங்கள் பழைய பதிப்பைக் கைவிட்டபோது, 2000களின் நடுப்பகுதியில் ஆர்வலர் ஒருவர் எழுதிவைத்த நிரல், எவரும் தொடாமலே பழுதாயிற்று. தொடாத பொருள் கெடாது என்னும் நம்பிக்கை ஓலைக்கும் பொருந்தவில்லை, கணினிக்கும் பொருந்தவில்லை. இத்தகைய தளத்துக்குப் பழைய பதிப்பைத் தற்காலிகமாகத் தெரிவுசெய்யும் வசதி பலகத்தில் இருக்குமாயின், அதனைக் கொண்டு தளத்தை எழுப்பி உள்ளடக்கத்தைப் பிரதிசெய்துகொண்டு, பின்னர் புதிய மென்பொருளுக்கு மாற்றுதலே தக்க வழி.

நான்காவது, நினைவகப் பற்றாக்குறை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனி மகோற்சவத்தின்போது எடுத்த ஒளிப்படங்களைத் தளத்தில் ஏற்றும்போது 500 தோன்றுகிறது எனக் கொள்வோம். படத்தின் கோப்பு 4 மெகாபைற்று அளவே இருப்பதால் நடத்துநர் ஐயுறார். ஆயின் 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் உடைய படம் 1 கோடி 20 இலட்சம் புள்ளிகளைக் கொண்டது. சிறுபடம் ஆக்குவதற்காக நிரல் அதனை விரிக்கும்போது புள்ளியொன்றுக்கு 4 பைற்று வீதம் ஏறத்தாழ 48 மெகாபைற்று நினைவகம் செலவாகும். பிஎச்பி வழமையாக ஒரு வேண்டுகைக்கு அனுமதிக்கும் எல்லை 128 மெகாபைற்று. ஏனைய செருகுநிரல்களும் பங்கு கேட்கும்போது எல்லை மீறப்படுகின்றது. எல்லையை உயர்த்துவது ஒரு பரிகாரம். படத்தை ஏற்றுமுன் சிறிதாக்குதல் அதனினும் சிறந்தது. கைத்தொலைபேசி இணைப்பிற் பக்கத்தைத் திறக்கும் தீவக வாசகருக்கும் அதனாற் பயனுண்டு.

ஐந்தாவது, தரவுத்தளத்தோடு தொடர்பு அறுதல். வேட்பிரஸ் இதனைத் தனிச் செய்தியாகவே காட்டும். அமைவுக் கோப்பிலுள்ள கடவுச்சொல் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லோடு பொருந்தாமை, தரவுத்தளச் சேவை நின்றுபோதல், அட்டவணை சிதைதல், வட்டிடம் நிறைந்துபோதல் என்பன காரணங்களாகும். இவற்றுள் இறுதியானது விசித்திரமானது. காப்புப்பிரதிகளை அதே வழங்கியில் நாள்தோறும் சேர்த்துவைப்பதனால் இடம் நிறைந்து, தரவுத்தளம் எழுத இடமின்றிச் சிதைவதுண்டு. காக்க வைத்த பொருளே கெடுத்த பொருளாகின்றது. செருகுநிரல்களிடையே முரண்பாடு ஐயுறப்படுமிடத்து, செருகுநிரற் கோப்புறையின் பெயரை மாற்றினால் யாவும் ஒருங்கே செயலிழக்கும். தளம் எழுந்தபின் ஒவ்வொன்றாக மீள இயக்கிக் குற்றவாளியைக் கண்டுகொள்ளலாம்.

5. தமிழ் எழுத்துக்குரிய இடர்கள்

மேற்கூறியவை எம்மொழித் தளத்துக்கும் பொதுவானவை. தமிழ்த் தளங்களுக்கே உரிய இடர்களை ஆங்கில வழிகாட்டிகள் பேசுவதில்லை. அவற்றைத் தனியே நோக்குதல் தகும்.

ஈழத்துத் தமிழ்க் கணினிப் பயன்பாட்டிற் பாமினி எழுத்துரு நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. அதில் தட்டெழுதப்பட்ட உரை, கணினியின் கண்ணுக்கு ஆங்கில எழுத்துகளின் கோவையே. எழுத்துருவே அதற்குத் தமிழ் வடிவம் தருகின்றது. எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கிலமாகத் தோன்றும். இது வழங்கி வழு அன்று. உரை மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றத்தக்கது.

ஒருங்குறியில் எழுதப்பட்டவற்றுக்கு வேறோர் இடர் உண்டு. யூரிஎப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைற்றுகளைக் கொள்ளும். நெடுந்தீவு என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலக்கண நூலார் அதனை ஐந்து எழுத்து என்பர். கணினியோ மெய்க்குறியையும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணிப் பத்துக் குறி எனக் கொள்ளும். அவை 30 பைற்றுகள். இணைய முகவரியில் அச்சொல் இடம்பெறும்போது பைற்றொன்று மூன்று எழுத்துருவங்களாக விரிவதால் 90 இடங்கள் செலவாகும். ஊர்காவற்றுறை 108 இடங்களைக் கேட்கும். வேட்பிரஸ் ஒரு கட்டுரையின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கும் எல்லை 200 இடங்கள்; அதாவது 22 தமிழ்க் குறிகள். நீண்ட தலைப்புகளின் முகவரி இடையிலே அறுபடுவது இதனாலேயே. ஒரே தொடரில் தொடங்கும் அஞ்சலிக் குறிப்புகள் முகவரியில் இலக்கத்தால் மட்டுமே வேறுபட்டு நிற்பதும் இதனாலேயே. முகவரிக்குச் சிறிய பெயரொன்றைத் தாமே இட்டுக்கொள்ளுதல் இதற்குப் பரிகாரம்.

மிகக் கடிய இடர், தளத்தை ஒரு வழங்கியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது நேர்வது. பழைய தரவுத்தளங்கள் பல, இலத்தீன் எழுத்துக் குறிமுறைக்கு அமைக்கப்பட்ட அட்டவணைகளிலேயே தமிழைச் சேமித்துவைத்தன. கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்தமையால் எவரும் அதனை உணரவில்லை. மாற்றும்போது புதிய வழங்கி அப்பைற்றுகளை இலத்தீன் எழுத்துகளெனவே நம்பி மீண்டும் குறிமாற்றம் செய்யும். தமிழ்க் குறியொன்று இருந்த இடத்தில் மூன்று விசித்திர ஐரோப்பியக் குறிகள் தோன்றும். இதனைக் கண்டு உள்ளடக்கம் அழிந்ததெனக் கருதிவிடுதல் கூடாது. பைற்றுகள் இழக்கப்படவில்லை ஆதலின், குறிமாற்றத்தைத் தலைகீழாகச் செய்து மீட்டுவிடலாம். இதற்கு மாறாகத் தமிழ் இருந்த இடத்தில் வினாக்குறிகள் வரிசையாக நிற்குமாயின், குறிமுறை ஏற்காத எழுத்துகளை அமைப்பு வினாக்குறியாக மாற்றிச் சேமித்துவிட்டது என்பது பெரும்பாலும் பொருள். அந்நிலையில் அத்தரவிலிருந்து உரையை மீட்க வழியில்லை. முந்திய பிரதியே துணை. விசித்திரக் குறி மீளத்தக்கது, சேமிப்பிற் பதிந்த வினாக்குறி மீளாதது என்னும் இவ்வேறுபாட்டைத் தமிழ்த் தளம் நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். வினாக்குறிகளைக் கண்டவுடன் எதனையும் சேமிக்காது, பழைய வழங்கியை மூடாது நிறுத்திக்கொள்ளுதலே முதற்கடமை.

6. பிரதி என்னும் பாதுகாப்பு

பரிகாரம் எதனையும் தொடங்குமுன், பழுதுற்ற நிலையிலேனும் தளத்தை முழுமையாகப் பிரதிசெய்துகொள்ள வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். முழுமை என்பது கோப்புகளையும் தரவுத்தளத்தையும் ஒருங்கே குறிக்கும். கோப்புகளை மட்டும் இறக்கிக்கொண்டோர் படங்களைக் காப்பாற்றிக் கட்டுரைகளை இழப்பர்; தரவுத்தளத்தை மட்டும் எடுத்தோர் கட்டுரைகளைக் காப்பாற்றிப் படங்களை இழப்பர்.

பிரதி எங்கே வைக்கப்படுகிறது என்பதும் அதே அளவு முக்கியமானது. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு நிலையமொன்று தீயில் எரிந்தது. இலட்சக்கணக்கான இணையத்தளங்கள் நின்றன. பிரதிகளையும் அவ்வளாகத்திலேயே வைத்திருந்த வாடிக்கையாளருட் பலர் தரவை மீளப் பெறவேயில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு இப்பாடம் புதியதன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. ஒன்று விபத்து, மற்றையது திட்டமிட்ட குற்றம். இவ்விரண்டையும் ஒப்பவைத்தல் பொருந்தாது. எனினும் ஓரிடத்தில் மட்டும் உள்ள பொருள் அவ்விடத்தோடு அழியும் என்னும் உண்மை இரண்டுக்கும் பொது. மூன்று பிரதிகள், இருவேறு ஊடகங்கள், ஒன்றேனும் வேறிடத்தில் என்பது காப்பகத்துறையினர் கைக்கொள்ளும் எளிய விதி. பிரதியை மீளநிறுவிப் பார்த்து, அது பயன்படுகிறதா என ஆண்டுக்கொருமுறையேனும் சோதித்தலும் வேண்டும்.

நிறுவனங்களை நம்பியிருத்தலின் எல்லையையும் வரலாறு காட்டுகின்றது. இலவச இடம் தந்த ஜியோசிற்றீஸ் சேவையை யாஹூ நிறுவனம் 2009 ஒக்டோபர் 26ஆம் நாள் மூடியபோது, தமிழ் இணையத்தின் தொடக்ககாலப் பக்கங்கள் பலவும் அதனோடு மறைந்தன. ஒருசில, 1996 முதல் இணையப் பக்கங்களைச் சேமித்துவரும் இன்ரநெற் ஆக்கைவில் எஞ்சியுள்ளன. தமக்குப் பிரதி இல்லாதோர் அங்குத் தேடிப்பார்த்தல் தகும். தரவுத்தளம் கிடையாதாயினும் பக்கங்களின் உரை கிடைத்தல் கூடும். மலர்கள், அறிக்கைகள், துண்டுப்பிரசுரங்கள் போன்ற ஆவணங்களை நூலகம் போன்ற பொதுக் காப்பகத்திடம் ஒப்படைத்தல், ஊர்த் தளம் வீழினும் அவை வாழ வழிசெய்யும்.

7. உடைமையும் பொறுப்பும்

இனி, தொழில்நுட்பக் காரணங்களின் பின்னே நிற்கும் சமூகக் காரணத்தை நோக்குவோம். ஊர்த் தளமொன்றின் பெயர் யாருடைய பெயரிற் பதியப்பட்டுள்ளது? வாடகைப் பணம் யாருடைய வங்கி அட்டையிலிருந்து செல்கின்றது? கடவுச்சொற்கள் யாரிடம் உள்ளன? பல ஊர்த் தளங்களைப் பொறுத்தவரை இம்மூன்று வினாக்களுக்கும் விடை ஒரே தனிமனிதராவார். அவர் ஆர்வத்தோடு தொடங்கி, தம் வேலைநேரத்துக்கு அப்பால் ஊதியமின்றி உழைத்தவர். அவர் நோயுற்றாலோ, காலமானாலோ, சங்கத்தோடு பிணங்கினாலோ, அவர் அட்டை காலாவதியானாலோ, ஊரின் நினைவு அவரோடு முடங்குகின்றது. வாடகை நிறுவனம் அனுப்பும் எச்சரிக்கைகள் எவரும் திறவாத மின்னஞ்சற் பெட்டியிற் சேர்கின்றன.

பெயர் இழக்கப்படும் முறை குறிப்பிட்டு அறியத்தக்கது. கொம் என முடியும் பெயரொன்று காலாவதியானதும், பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணமாகப் புதுப்பிக்க அவகாசம் உண்டு. அதன்பின் 30 நாள் மீட்புக்காலம். அப்போது கூடிய கட்டணம் செலுத்தவேண்டும். ஈற்றில் 5 நாள் கழியப் பெயர் எவரும் பெறத்தக்கதாகிவிடும். ஊர்ப் பெயர் தாங்கிய முகவரியிற் பின்னர் சூதாட்ட விளம்பரம் தோன்றுவது இவ்வாறே. நூல்களிலும் ஆய்வேடுகளிலும் சான்றாகக் காட்டப்பட்ட இணைப்புகளும் அங்கேயே சென்று சேரும்.

முகநூல், யூரியூப் முதலியவற்றுக்கு மாறிவிட்டால் இத்தொல்லை இல்லையே எனச் சிலர் கூறுவர். அங்கு 500 வழுவை நாம் திருத்தவேண்டியதில்லை என்பது உண்மை. ஆயின் அங்குப் பதிவேடும் தரவுத்தளமும் நமக்குரியன அல்ல. கணக்கு முடக்கப்பட்டால் முறையிடுதலன்றி வேறு வழியில்லை. இருபதாண்டுக்கு முந்திய மரண அறிவித்தலொன்றை ஆய்வாளர் தேடிக் கண்டடைய அவ்வமைப்பு இடந்தருவதுமில்லை. வழுவைத் திருத்தும் சுமை, உடைமையின் மறுபக்கம். சுமையைத் துறப்போர் உடைமையையும் துறக்கின்றனர் என்பது தெளிந்து செய்யவேண்டிய தெரிவாகும்.

ஆதலின், தனிமனிதரின் தொண்டாக உள்ளதைக் கூட்டுப் பொறுப்பாக மாற்றுதலே நிலையான பரிகாரம். பெயரும் வாடகையும் சங்கத்தின் பெயரிற் பதியப்பட வேண்டும். கடவுச்சொற்கள் முத்திரையிட்ட உறையிலேனும் மூவரிடம் இருத்தல் வேண்டும். புதுப்பிக்கும் நாள்கள் செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இடம்பெற வேண்டும். கணக்கறிக்கையோடு பிரதி எடுத்த நாளையும் பொதுச்சபைக்கு அறிவிக்க வேண்டும். வழு நேர்ந்த நாள், பதிவேடு கூறியது, செய்த மாற்றம், கண்ட விளைவு ஆகியவற்றைத் தமிழில் எழுதிய குறிப்பேடு ஒன்று பேணப்பட வேண்டும். அக்குறிப்பேடு அடுத்து வருபவருக்கு ஆசிரியராக அமையும். தீவுகளிற் படிக்கும் மாணவரை இதில் ஈடுபடுத்தினால், வெளிநாட்டிலிருந்து மட்டும் பேணப்பட்ட தளம் ஊருக்குள்ளும் வேரூன்றும். 2010இல் .இலங்கை என்னும் தமிழ் மேல்நிலைப் பெயர் நடைமுறைக்கு வந்தமையால், ஊரின் பெயரைத் தமிழிலேயே பதிந்துகொள்ளும் வாய்ப்பும் அவர்களுக்கு உண்டு.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், சில முடிவுகள் பெறப்படுகின்றன. வழங்கி வழு தளத்தின் மரணம் அன்று. பெரும்பாலும் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தமையே. எண்ணை நோக்கி, பதிவேட்டை வாசித்து, பிரதி எடுத்து, ஒருமுறைக்கு ஒரு மாற்றம் செய்பவர் கணினியியற் பட்டம் பெறாதவராயினும் அதனைக் கண்டுகொள்வர். தமிழெழுத்தின் குறிமுறை பற்றிய அறிவு இதற்கு இன்றியமையாதது. ஆயின் பதிவேட்டை வாசிக்க எவரும் இல்லாதவிடத்து இவ்வறிவு பயன்படாது. மக்கள் குறைந்துபோன தீவுகளின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர், ஆவணக் காப்பகங்களைத் தேடிச் செல்வதோடு, தத்தம் ஊர்த் தளங்களின் நிலையையும் இன்றே நோக்குவாராக. இயங்காதவற்றின் நடத்துநரைத் தேடிப்பிடித்து, வாடகைக் காலம் முடிவதற்குள் தரவுத்தளத்தின் பிரதியொன்றைப் பெற்றுக்கொள்ளுதல், களஆய்வின் முதற்படியாகக் கொள்ளத்தக்க பணியாகும்.